காய்ந்த துணியின் சூடு

சனிக்கிழமை மாலை வகுப்பில் அணுக்கருவைப் பற்றிச் சொல்லத் தொடங்கியபோது, சேது ஆசிரியர் கரும்பலகையில் முதலில் வரைந்தது, தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் வரிசையாக வாழும் லயத்து வீடு ஒன்றைத்தான். புக்கிட் பெலிம்பிங்கை ஒட்டிய அந்தத் தோட்டத்தின் கோயில் மண்டபத்தில் பள்ளி இறுதியான ஐந்தாம் படிவ மாணவர்கள் பாய் விரித்து அமர்ந்திருந்தனர். ஒரு வீட்டுக்குள் அளவுக்கு மீறிய ஆட்கள் நெருக்கியடித்து வாழ்ந்தால், என்றாவது ஒருவர் வெளியேறித்தான் ஆகவேண்டும்; கதிர்வீச்சும் அப்படித்தான். எந்த வீட்டில், எப்போது என்று எவராலும் சொல்ல இயலாது. ஆனால் தோட்டம் முழுவதும் அத்தகைய வீடுகளே இருந்தால், அவற்றில் பாதி வீடுகள் அமைதியடைய எவ்வளவு காலம் ஆகும் என்று கணக்கிட்டுவிடலாம். அந்தக் காலமே அரை ஆயுள் என்றார்.

"அப்போ எங்க வீடும் கதிர் வீசும்லா சார். ஒம்பது பேரு," என்றான் சோமு.

எல்லோரும் சிரித்தார்கள். தங்கமணி சிரிக்கவில்லை. கோபால்ட்டின் அரை ஆயுள் எவ்வளவு என்று கேட்டாள். ஐந்து ஆண்டுகளுக்குச் சற்று மேல் என்றார் ஆசிரியர். பாடநூலைத் தாண்டிய கேள்வி என்று அவருக்கு மகிழ்ச்சியாக இருந்தது.

அடுத்து வந்த வகுப்புகளுக்கு அவள் வரவில்லை. ஒரு பிற்பகலில் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு அவளுடைய லயத்துக்குப் போனார்.

வாசலில் வேப்பிலை கட்டியிருந்தது. நடை பழகிய ஆண் குழந்தை ஒன்றை, இடுப்பில் பழஞ்சேலை சுற்றிக் கதவு நிலையோடு பிணைத்திருந்தார்கள். வீட்டுக்குப் பின்னால், விறகுக் கொட்டகையில், தனித் தட்டும் தனிக் குவளையுமாகத் தங்கமணியின் தாய் சின்னத்தாய் இருந்தாள். மார்பில் வந்த கட்டிக்குக் கோலாலம்பூர் ஆஸ்பத்திரியில் கோபால்ட் கதிர் வைத்து அனுப்பியிருந்தார்கள். நோய் அதற்கு அடங்கவில்லை. மழைக்காலத்தைத் தாண்டமாட்டாள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இதையெல்லாம் அவள் கணவன் இராமையா தலை நிமிராமல் சொன்னான்.

"மக படிச்ச புள்ள சார். அஞ்சு வருசம் போனா கதிரு பாதி கொறையும்னு சொன்னா. அதுக்கப்புறம் இவளுக்கு மஞ்சத் தண்ணி ஊத்தி உள்ள அழைச்சுக்கலாம்னு லயத்துல பேசி முடிச்சோம்." கதவு நிலையில் கட்டியிருந்த மகனைப் பார்த்தான். "அதுவரைக்கும் அவ ஆத்தா இருக்கமாட்டா. பையன் இருக்கணும்லா."

தீட்டுக்குக் கெடு உண்டு. அவர் கற்பித்த கதிருக்கும் கெடு உண்டு. இரண்டையும் அவர்கள் ஒரே நாட்காட்டியில் குறித்துவிட்டார்கள் என்பது அவருக்கு அப்போதுதான் விளங்கியது.

நேரே கொட்டகைக்குப் போய், சின்னத்தாயின் குவளையில் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். கோபால்ட் அந்த இயந்திரத்தை விட்டு வெளியே வருவதே இல்லை, அதன் கதிர் உடம்பைக் கடந்து போய்விட்டது, எதுவும் தங்கவில்லை என்று விளக்கினார். அவள் முகம் மாறவில்லை. வழக்கம்போல் ஒரு கதையைத் தேடினார். கொடியில் துணிகள் காய்ந்துகொண்டிருந்தன.

"பகலெல்லாம் வெயில்ல கிடக்குற துணி, ராத்திரியில வெளிச்சம் காட்டுதாம்மா? அதுமாதிரிதான்."

அவள் கொடியைப் பார்த்தாள்.

"வெளிச்சம் இருக்காது சார். எடுத்து மடிக்கிறப்போ சூடு இருக்கும்லா?"



சுவரோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்த தங்கமணி, ஓடிப்போய்த் தம்பியின் கட்டை அவிழ்த்துவிட்டாள். அவன் தள்ளாடியபடி தாயை நோக்கி வந்தான். சின்னத்தாய் எழுந்து, முதுகு பலகையில் முட்டும்வரை பின்வாங்கினாள்.

"தூக்கிட்டுப் போ, புள்ள. சார் நல்லவரு. ஆனா ஒண்ணு ஆச்சுன்னா அனுபவிக்கப்போறது சார் இல்ல, இவன்தானே."

தங்கமணி அவனைத் தூக்கிக்கொண்டாள். லயம் முழுவதும் கேட்கும்படி அவன் அழுதான்.

மோட்டார் சைக்கிளை உயிர்ப்பிக்காமல் தள்ளிக்கொண்டே போன ஆசிரியர், செம்மண் பாதை திரும்பும் இடத்தில் நின்று பார்த்தார். சின்னத்தாய் கொடியருகே நின்றிருந்தாள். இரு பக்கமும் பார்த்துவிட்டு, பையனின் சிறு சட்டையை உருவி எடுத்துக் கன்னத்தோடு அழுத்திக்கொண்டாள். பிறகு அதை வாளித் தண்ணீரில் அமிழ்த்தி, முதலிலிருந்து துவைக்கத் தொடங்கினாள்.