பத்தாவது பிள்ளை

மதுரையின் பழைய ஊருக்குள் இருந்த அந்தப் பள்ளியில் தமிழ், ஆங்கிலம், உருது என்று மூன்று வழியிலும் படிக்கலாம். எல்லா மொழிக்கும் அறை ஒதுக்கிய அரசாங்கம், பிள்ளைகளைக் கொண்டுவரும் வேலையை மட்டும் டீச்சர்மாரிடம் விட்டிருந்தது. பத்துப் பேர் இல்லாவிட்டால் உருதுப் பிரிவுக்குப் பூட்டு. ரூபினா டீச்சரிடம் இருந்தது ஒன்பது பேர். வெள்ளிக்கிழமை அதிகாரி தலை எண்ண வருகிறார்.

உருதுப் பாதுகாப்புக் கமிட்டித் தலைவர் சேக் இஸ்மாயிலின் அரிசிக் கடைக்குப் போனாள். போன மாதம்தான் மொழிக்காக உயிரையே தருவதாக மேடையில் சொன்னவர்.

"உசுரெல்லாம் வேணாம் பாய். உங்க பேரன் பரீதைத் தாங்க, போதும்."

"அவனை சிபிஎஸ்இ-ல சேத்தாச்சே டீச்சரம்மா. நம்ம ஜனத்துல வேற புள்ளைகளா இல்ல?"

ஹெட்மாஸ்டர் ஜெயபாண்டி ஆறுதல் சொன்னார். "தமிழ்ப் பிரிவும் இதே கதைதாம்மா. தமிழ் வாழ்கன்னு சுவத்துல எழுதுனவன் புள்ளையெல்லாம் விளாங்குடி பிரைவேட் ஸ்கூல்ல இங்கிலீஷ் படிக்குது." தன் பிள்ளைகள் இரண்டும் அங்கேதான் என்பதை அவர் சேர்த்துக்கொள்ளவில்லை.

வியாழன் சாயங்காலம், இஸ்மாயில் கடையில் மூட்டை தூக்கும் சோணை, மகள் சுபலட்சுமியோடு வந்து நின்றான்.

"டீச்சர், இங்கிலீஷ் பிரிவுல எம்புட்டுப் புள்ளைக?"

"அம்பத்தேழு. ஒரு டீச்சர்."

"உங்ககிட்ட?"

"ஒம்போது."

"புள்ளைக கம்மியா இருந்தாத்தான் நல்ல ஸ்கூலுன்னு மொதலாளி வீட்ல பேசிக்கிட்டாங்க. அதுக்கு லட்சக்கணக்குல கட்றாங்களாம். இவளை இங்கேயே போடுங்க."

"நான் உருதுல சொல்லித்தருவேன் அண்ணே. தமிழ் ஒரு பாடந்தான்."

"தமிழ் வீட்ல கிடக்கு. அது எங்க போயிரப் போகுது."

மறுநாள் அதிகாரி பத்தும் எண்ணிவிட்டு விண்ணப்பத்தைப் பார்த்தார். "தாய்மொழி தமிழ்னு இருக்கே?"

"தேசிய ஒருமைப்பாடு சார்" என்றார் ஜெயபாண்டி, கண் இமைக்காமல்.

அதிகாரிக்கு அந்த வார்த்தை பிடித்துப்போயிற்று. அப்படியே எழுதிக்கொண்டார். பிரிவு பிழைத்தது.

அடுத்த வாரமே பள்ளி வாசலில் உருதுவில் பெரிய பிளெக்ஸ். அதில் இஸ்மாயில், பக்கத்தில் புத்தகமும் கையுமாகப் பரீத்.

அரைப்பரீட்சை முடிந்தும் பிளெக்ஸ் இறங்கவில்லை. ஒரு நாள் தாத்தா கடைக்கு வந்த பரீத், பள்ளி வாசலுக்கும் வந்து தன் படத்துக்கு அடியில் நின்று, "இதுல என்ன போட்டிருக்கு?" என்று சுபலட்சுமியிடம் கேட்டான்.

அவள் வலமிருந்து இடமாக விரலை ஓட்டினாள். "மொழியக் காப்பாத்துனது உங்க குடும்பமாம்."

பரீத் நம்பாமல், வாசலில் நின்ற ரூபினாவைப் பார்த்தான்.

"படிச்சது சரிதான்" என்றாள் ரூபினா.