வாசலில் கட்டிய ஓலை

பழவேற்காட்டுக் கோட்டையில் ஒல்லாந்தர் கொடி பறந்துகொண்டிருந்த காலம். கோட்டைக்கு வெளியே அவர்கள் குடியிருந்த தெருவில் பதினான்கு வீடுகளுக்குக் கண்ணாடி ஜன்னல் இருந்தது. அத்தனை கண்ணாடியையும் ஏரிக்காற்று உப்பால் வெளுத்து வைத்திருந்தது. இதைத் துடைத்துப் பிழைத்துவிடலாம் என்று காட்டூரிலிருந்து வந்த வரதனுக்கு மூன்று மாதத்தில் சிக்கியது ஒரே வீடுதான். அதுவும் ஒரு கிழ வியாபாரியின் வீடு. அந்த மனிதர் காற்றுக்காக ஜன்னலை எப்போதும் திறந்தே போட்டிருப்பார்.

வரதனுக்கு வேலை தெரியாமல் இல்லை. வைக்கோல் சாம்பலை இரண்டு முறை துணியில் சலித்து, கஞ்சித் தெளிவில் குழைத்துத் தேய்த்து, கிணற்று நீரில் கழுவினான் என்றால் கண்ணாடி இருக்கிற இடமே தெரியாது. ஆனால் மற்ற பதின்மூன்று வீடும் தோணிரேவு மீனவக் குப்பத்து மாசிலாமணியின் கையில் இருந்தன. அவன் குடத்தில் ஏரித் தண்ணீரை மொண்டு வந்து, கந்தலால் நனைத்துவிட்டுப் போவான். ஈரத்தில் பளபளக்கும். காய்ந்ததும் உப்பு பூத்து முன்னைவிட மோசமாகிவிடும். மறுநாள் மறுபடி அவனையே கூப்பிடுவார்கள். பார்க்கப் பார்க்க வரதனுக்கு வயிறு எரிந்தது.

அவனுக்கு அவசரம் இருந்தது. மனைவி இருசம்மாள் ஆறு மாதக் கர்ப்பத்தோடு காட்டூரில் அவன் அண்ணன் உலகநாதன் வீட்டில் இருந்தாள். அவளுக்குச் சோறு போடும்போதெல்லாம் அண்ணி பெருமூச்சு விடுகிறாளாம். "ஐப்பசி நடவுக்குள்ள ஒரு குடிசை போட்டு அவளக் கூட்டிட்டுப் போ. இல்லேன்னா நீயே வந்து என் நெலத்துல எறங்கு," என்று அண்ணன் சொல்லி அனுப்பிவிட்டார். புரட்டாசி பாதி போய்விட்டது. குடிசை போட இன்னும் ஆறு வீடாவது வேண்டும்.

கோட்டை வாசலில் ஒல்லாந்தர் எதையாவது காகிதத்தில் எழுதி அறைந்தால் ஊரே கூடிப் பார்க்கும். அதைப் பார்த்துத்தான் வரதனுக்கு யோசனை வந்தது. காகிதத்துக்கு எங்கே போவது? பனை ஓலை போதும். ஒல்லாந்தருக்கு மொழிபெயர்த்துச் சொல்லும் கோட்டைத் துபாஷி தேவதாஸைக் கெஞ்சிக் கூத்தாடி எழுத வைத்தான். அதிலும் ஒரு தொல்லை. பறங்கி எழுத்தில் நேர்க்கோடுகள் அதிகம். எழுத்தாணி இழுத்த பக்கமெல்லாம் ஓலை வாய் பிளந்தது.

"இன்னா வரதா, இது எழுத்தா, வாழைநார் கிழிக்கிறதா?" என்று தேவதாஸ் சலித்துக்கொண்டான்.

பத்து நாள் போராடி, பதினான்கு ஓலை தேறியது. 'கண்ணாடி துடைக்கப்படும். கல்லறைத் தோட்டத்துப் பூவரச மரத்தடியில் வரதனைக் கூப்பிடவும்' என்பதுதான் வாசகம். விடியும் முன்பே தெருவின் பதினான்கு வாசல் கதவுகளிலும் வைக்கோல் புரியால் ஒவ்வொன்றாகக் கட்டினான். பிறகு சாம்பல் மூட்டையோடு பூவரச மரத்தடியில் போய் உட்கார்ந்தான். வேலைக்காரிகள் ஓலையை எஜமானிகளிடம் கொடுப்பார்கள், எஜமானிகள் ஆள் அனுப்புவார்கள் என்று நம்பினான்.

வெயில் ஏறியது. ஒருவரும் வரவில்லை. எழுந்து நிற்பான், தெருப்பக்கம் எட்டிப் பார்ப்பான், மறுபடி உட்காருவான். நாமே போய்க் கேட்டால் என்ன என்று ஒருமுறை தோன்றியது. போனால் மதிப்பு போய்விடும், கூப்பிட்டுத்தான் போகவேண்டும் என்று தன்னைத் தானே அடக்கிக்கொண்டான்.

உச்சி சாய்ந்த பிறகு ஒருத்தி வந்தாள். மீன் விற்கும் அங்காளம்மாள். கூடை நிறைய மீன், முகம் நிறையக் கோபம்.

"வாசல்ல ஓலை கட்டுன காட்டூரான் நீதானா?"

"ஆமாம்மா. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"வைக்கப்புரில முடிச்சுப் போட்டா வேற எவன் போட்டிருப்பான்? காலைலேர்ந்து ஒரு வூட்டுக்குள்ள போவ முடில. மீனெல்லாம் நாறுது. தண்ணி கொண்டாந்த பொம்பளைங்க, பெருக்க வந்தவங்க, எல்லாரும் வாசல்லயே நிக்கிறாங்க. உள்ள தொரைசானிங்க கத்துறாங்க. கட்டுனியே, ஏன் வரல?"

வரதனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவள்தான் தலையில் அடித்துக்கொண்டு விளக்கினாள். வயலுக்கு வரப்பு உண்டு, ஏரிக்கு ஏது? அதனால் மீன்பிடிக்கிறவன் தன் முறை வந்ததும் அந்த இடத்தில் நட்ட முளைக்கம்பில் ஓலை கட்டிவிடுவான். கட்டினால் அது அவன் பாடு, அவன் மட்டுமே வலை போடும் இடம். அவன் வந்து வலை இறக்கும்வரை வேறு யாரும் கிட்டே போகமாட்டார்கள். உச்சிக்குள் அவன் வராவிட்டால் இடம் போய்விடும். கட்டிய கைதான் வந்து அவிழ்க்கவும் வேண்டும்.

"அதுல எழுதியிருக்குதேம்மா," என்றான் வரதன் பரிதாபமாக.

"எழுத்து எங்களுக்கு எதுக்கு? ஓலை கட்டுனா கட்டுனதுதான். வந்து அவுரு."

பத்து நாள் பட்ட பாடு வீண். வாசல் வாசலாகப் போய்த் தன் கையாலேயே அவிழ்த்தான். அவன் அவிழ்த்த வீட்டுக்குள் குடமும் கூடையும் அவனை முறைத்துக்கொண்டே நுழைந்தன. படிக்க வேண்டியவர்கள் யாரும் அந்த ஓலையைக் கண்ணால்கூடப் பார்க்கவில்லை. அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன.

கடைசி வாசலில் மாசிலாமணி குந்தியிருந்தான். பக்கத்தில் ஏரித் தண்ணீர்க் குடம், தளும்பத் தளும்ப அப்படியே இருந்தது. வரதன் கடைசி முடிச்சையும் எரிச்சலோடு பிடுங்கி எடுத்தான்.

"நீயும் உள்ள போவலியா?" என்று கேட்டான்.

"ஓலை கட்டியிருக்குதே, எப்படிப் போவேன்? ஏரில ஒருத்தன் ஒரு எடத்துல கொஞ்ச நாள் வலை போட்டா அடுத்தவனுக்கு வுட்டுடணும். எனக்கு இங்க வருஷமே ஆச்சு. இனிமே உன் முறை, நியாயந்தான்னு நெனச்சேன். பதிமூணு வூட்டையும் உனக்கே வுட்டுட்டு, நாளைலேர்ந்து வலைக்கு வர்றேன்னு எங்க நைனாகிட்டகூடச் சொல்லிட்டேன்."

வரதன் கையிலிருந்த ஓலையைப் பார்த்தான். "இப்ப மறுபடி கட்டுனா?"

"அவுத்தத எப்படிக் கட்டுவ? இனி அடுத்த முறை பிரிக்கிறது தையிலதான்."

தையில். மார்கழியில் குழந்தை பிறந்துவிடும், அண்ணியின் பெருமூச்சுக்கு நடுவில். அவனும் அதற்குள் அண்ணன் வயலில் சேறு மிதித்துக்கொண்டிருப்பான். பதினான்கு வீடும் அரை நாள் முழுக்க அவனுக்காகவே காத்திருந்திருக்கின்றன.

மாசிலாமணி குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்தான். உள்ளே போகப் போனவன் திரும்பினான். அவன் முகத்தில் கேலி இல்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டான்.

"காலைல நீ வருவ, வருவேன்னு பாத்துக்கினே இருந்தேன். எங்க இருந்த?"

கூப்பிடுவார்கள் என்று காலையிலிருந்து உட்கார்ந்திருந்த பூவரச மரத்தின் பக்கம் வரதன் கையை நீட்டினான்.