அக்கா கையில் வந்த வாசனை

மறுவாழ்வு மையத்தில் அவரை எல்லோரும் வெல்டர் என்றே கூப்பிட்டார்கள். குடியை விடுவதற்காக அவர் வந்தது இது மூன்றாம் முறை. முந்தைய இரண்டு முறையும் இரண்டாவது வாரத்திலேயே யாரிடமும் சொல்லாமல் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். இந்தத் தடவை மனைவி கறாராகச் சொல்லிவிட்டாள்: "முப்பது நாள் முழுசா இருந்துட்டு வா. நடுவுல வந்தா கதவைத் திறக்க மாட்டேன்."

முதல் வாரம் உடம்பெல்லாம் முறுக்கிக்கொண்டு தூக்கமே இல்லை. மாத்திரைகள் கை நடுக்கத்தைக் குறைத்தன. ஆனால் ஆறாம் நாள் மசாஜ் அறையிலிருந்து திரும்பிய பிறகுதான் விடியும்வரை குறட்டை விட்டுத் தூங்கினார். பக்கத்துக் கட்டில்காரர் அதற்காகச் சண்டை பிடித்தார்.

மசாஜ் செய்யும் அக்காவுக்கு ஐம்பது வயது, தடித்த விரல்கள். தோளிலிருந்து முதுகுக்கு, முதுகிலிருந்து காலுக்கு என்று ஒவ்வொரு முறையும் கேட்டுவிட்டுத்தான் தொடுவார்.

"என்னக்கா, கண்டக்டர் மாதிரி ஸ்டாப்புக்கு ஸ்டாப் கேக்குறீங்க?"

"நடுவுல இறங்கணும்னா சொல்லணும்ல? உங்க உடம்பு, உங்களைத்தானே கேக்கணும்."

பன்னிரண்டாம் நாள் மத்தியானம் அறைக் குழாயில் தண்ணீர் வரவில்லை. அக்கா அவசரத்தில் வரவேற்பு மேசையிலிருந்த கிருமிநாசினி ஜெல்லைக் கையில் தேய்த்துக்கொண்டு வந்தார். ஒவ்வொரு எண்ணெய் பாட்டிலிலும் ஸ்பிரிட் கலந்திருக்கிறதா என்று லேபிளைப் படித்துப் பார்த்தே வாங்குகிறவர் அவர்.

"கழுத்துக்குப் போகட்டுமா?"

"ம்."

அதுவரை தளர்ந்திருந்த தோள்கள் இரும்புத் தகடாக இறுகின.

"போதும்க்கா."

அக்கா உடனே கையை எடுத்தார். வெல்டர் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியேறினார். ஏனென்று புரியாமல் நின்ற அக்கா, தன் கையை முகர்ந்து பார்த்தார். பின்கட்டுக்குப் போய் முழங்கை வரை இரண்டு முறை சோப்புப் போட்டுக் கழுவினார்.

பிறகு வெல்டரின் அறைக்குப் போய்ப் பார்த்தபோது கட்டில்மேல் அவர் பை பாதி நிரம்பியிருந்தது.

"தப்பு என்னோடது. ஜெல் போட்டுட்டு வந்துட்டேன். அதுல ஸ்பிரிட் இருக்கு."

வெல்டர் கட்டிலில் உட்கார்ந்தார். "உங்க கையைப் பிடிச்சு நக்கணும்போல இருந்துச்சுக்கா. இதுக்கு மேல நானெல்லாம் என்ன மனுஷன்?"

"நக்கலையே. போதும்னு சொல்லிட்டு எழுந்துட்டீங்க. எத்தனை பேரால முடியும்?"

வெல்டர் பையின் வாரைத் திருகிக்கொண்டிருந்தார்.

"நான் ஆலோசகர்கிட்ட போய்ச் சொல்லப்போறேன்," என்றார் அக்கா.

"என்னைப் பத்தியா?"

"என்னைப் பத்தி. உங்களைப் பத்திச் சொல்றது உங்க இஷ்டம்."

"உங்களுக்கு வேலைல பிரச்சினை வராதா?"

"வாங்கிக் கட்டிக்கணும்தான். நானே மறைச்சா, உங்ககிட்ட ஒளிக்காம பேசுங்கன்னு எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுச் சொல்றது?"

அக்கா வராந்தாவில் பாதி தூரம் போனபோது பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. வெல்டர் வெறுங்கையோடு வந்துகொண்டிருந்தார்.

அறைக்குள் நுழைந்ததும், ஆலோசகர் நிமிர்ந்து பார்ப்பதற்குள் வெல்டரே முந்திக்கொண்டார்.

"சார், இப்ப குடிக்கணும்போல இருக்கு. பாதி கட்டின பை கட்டில்ல கிடக்கு. கொஞ்ச நேரம் இங்கயே உக்காந்துக்கவா?"

ஆலோசகர் நாற்காலியை இழுத்துப் போட்டார். அக்கா ஜெல் விஷயத்தைச் சொல்லி முடித்தார்.

"அக்காவைத் திட்டுறதா இருந்தா நான் போனப்புறம் திட்டுங்க சார்," என்றார் வெல்டர், உட்கார்ந்துகொண்டே. "ஆனா நான் இப்போதைக்குப் போறதா இல்லை."