கையைத் தூக்கினால் கேட்கிறது என்று அர்த்தம்

கரண்ட் போய்விட்டது. காலடியில் இருந்த ஸ்பீக்கர் பெட்டியின் சிவப்பு விளக்கு அணைந்து, சத்தம் பாதியில் அறுந்தது. விரல் மட்டும் பழக்கதோஷத்தில் பேஸ் கிடாரின் தந்தியை நாலைந்து முறை தட்டிவிட்டது. நிமிர்ந்து பார்த்தேன். எண்பது தப்படி தள்ளி, மக்காச்சோளம் அறுத்த வெறுங்கொல்லையின் வேலியோரம், என் மனைவி ஜெயசுதா வலது கையைத் தலைக்கு மேல் தூக்கியபடி நின்றாள். கையைத் தூக்கினால் கேட்கிறது என்று அர்த்தம். இறக்கினால் கேட்கவில்லை. அப்படித்தான் பேசி வைத்திருந்தோம். நான் தட்டுவதை நிறுத்தினேன். அவள் கை இறங்கியது. செத்த பெட்டியை வைத்துக்கொண்டு மறுபடி தந்தியைத் தட்டினேன். கை மேலே போனது.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. கிடாரை இறக்கி வைத்துவிட்டு மோட்டார் கொட்டகையைச் சுற்றி இரண்டு நடை நடந்தேன். சுற்றி முடிப்பதற்குள் கோபம் போய்ப் பயம் வந்துவிட்டது.

பகலில் நான் அரியலூர் ரோட்டில் சுண்ணாம்புக்கல் லாரிகளுக்கு எடை போடுகிறவன். விசேஷ நாட்களில் பெரம்பலூர் ராஜராஜனின் இசைக்குழுவில் பேஸ் கிடார். பதினெட்டு வருஷமாக மேடையில் ஏறியதும் என் வயரை மைக் செட்காரரிடம் கொடுத்துவிடுவேன். அவர் எங்கேயோ செருகுவார், எதையோ திருகுவார். சத்தம் வெளியே போனதா என்று நான் கேட்டதில்லை. இப்போது பரீட்சைக் காலம். கீழப்பழுவூரில் ஞாயிற்றுக்கிழமை காதுகுத்து, கோயில் திடலில், பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில். மைக் செட் போடக்கூடாது என்று போலீசில் சொல்லிவிட்டார்கள். கச்சேரியை விட மனமில்லாத ராஜராஜன், அவரவர் பெட்டியை அவரவர் கொண்டுவந்து அடக்கமாக வாசித்துக்கொள்வோம் என்று பேசி முடித்துவிட்டார். என்னிடம் பெட்டியே கிடையாது.

"தமிழு, கடைசி வரிசை நாற்காலி வரைக்கும் ஒன் சத்தம் வரணும்," என்றார் ராஜராஜன். "வரலேன்னா, கீபோர்டுலயே இடது கையால ஒன் வேலையையும் சேத்துப் பாத்துக்குறேங்குறான் கலையரசன். ஞாயித்துக்கிழம சரியா வந்துட்டா அப்புறம் எல்லாக் கச்சேரிக்கும் அப்படியே போயிடலாம்னு பாக்குறேன்."

அவர் பேச்சில் வன்மம் ஏதும் இல்லை. அதனாலேயே சொன்னதைச் செய்துவிடுவார் என்று தெரிந்தது. காதுகுத்துத் திடலுக்குப் போய் அளந்து பார்த்தேன். மேடையிலிருந்து கடைசி வரிசை போடும் இடம் வரை எண்பது தப்படி.

அன்றிலிருந்து தூக்கம் பாதிதான். திருச்சியில் ஒரு கடையில் சின்னப் பெட்டி ஒன்றை வாசித்துப் பார்த்தேன். கண்ணாடிக் கதவு அதிர்ந்தது. ஒரு கையால் தூக்கலாம், பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வரலாம். இரண்டு நாள் வைத்துப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் என்று தெரிந்த பையன் கொடுத்துவிட்டான். வீட்டுக்கு வந்ததும் சந்தேகம் வந்தது. லப்பைக்குடிக்காட்டில் சிராஜுதீன் பாய் வீட்டில் பெரிய பெட்டி ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டு ஓடினேன். சவூதியில் இருந்தபோது நண்பர்களோடு வாசித்தவர். அவருடைய பெட்டி என் இடுப்பு உயரம் இருந்தது. தூக்க இரண்டு ஆள் வேண்டும்.

"திருச்சில கண்ணாடி அதிர்ந்துச்சா?" என்று சிரித்தார் பாய். "ரூமுக்குள்ள செவுருதான் தம்பி பாதி வாசிக்கும். வெட்டவெளில செவுரு ஏது? தடிச்ச சத்தம் அப்படியே கரைஞ்சு போயிரும். இத எடுத்துட்டுப் போங்க, தொறந்த எடத்துல வெச்சுக் கேளுங்க. புடிச்சா அப்புறம் பேசிக்கலாம் இன்ஷா அல்லா. ஒண்ணு மட்டும். பொட்டி பக்கத்துல நின்னுக்கிட்டு முடிவு பண்ணாதீங்க. வாசிக்கிறவனுக்கு என்னைக்குமே தெரியாது."

அந்தக் கடைசி வார்த்தைதான் இரண்டு பெட்டிகளையும் லோடு ஆட்டோவில் ஏற்றி, மச்சான் கொல்லைக்குக் கொண்டுவந்து இறக்க வைத்தது. எனக்குத் தெரியாது என்றால் ஜெயசுதாவுக்குத் தெரியும் என்று நம்பினேன். ஒவ்வொரு கச்சேரி முடிந்தும் "கேட்டுச்சா?" என்று அவளிடம்தான் கேட்பேன். பதினெட்டு வருஷமும் "நல்லா கேட்டுச்சுங்க" என்றுதான் சொல்லியிருக்கிறாள்.

அவள் கொல்லையைக் கடந்து சிரித்துக்கொண்டே வந்தாள். சோளத்தட்டைக் கட்டைகள் காலைக் குத்தாமல் இருக்கப் பார்த்துப் பார்த்து அடி வைத்தாள்.

"இதுவே போதுங்க. அங்க வரைக்கும் கேட்டுச்சு."

"கரண்டு போயி அஞ்சு நிமிசம் ஆச்சு," என்றேன்.

அவள் பெட்டியைப் பார்த்தாள். சிவப்பு விளக்கைத் தேடினாள். முகம் சுண்டிப்போயிற்று.

"நான் பொய் சொல்லலீங்க," என்றாள். "ஒங்க வெரலு ஆடுது, தல ஆடுது. அதப் பாத்துக்கிட்டே நின்னா எனக்குக் கேக்குது. நெசமாத்தான். மத்ததெல்லாம் எனக்குத் தெரியாது."

பொய் சொல்லியிருந்தால் திட்டியிருப்பேன். அவள் சொன்னது உண்மை. அப்படியானால் பதினெட்டு வருஷம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர்களுக்கும் இதேதானா? என் தலையாட்டலைத்தான் கேட்டார்களா? மைக் செட்காரர் ஒரு நாளாவது என் திருகைத் திருப்பியிருப்பாரா? கலையரசனின் இடது கை என்னுடைய இடத்துக்கு வந்தால் ஒருவராவது திரும்பிப் பார்ப்பாரா? அவள் முன்னால் அழக் கூச்சமாக இருந்தது. குனிந்து, தேவையே இல்லாமல் வயரைச் சுருட்டினேன்.

கொட்டகைக்குள் மோட்டார் பெட்டியின் விளக்கு எரிந்தது. கரண்ட் வந்துவிட்டது.

"நீங்க போயி நில்லுங்க," என்றாள் ஜெயசுதா. "நான் தட்டுறேன்."

"ஒனக்கு வாசிக்கத் தெரியாதே."

"தட்டத் தெரியும்ல."

சின்னப் பெட்டியில் முதலில் பார்த்தோம். முப்பது தப்படி தாண்டவில்லை, சத்தம் காற்றில் கலந்து காணாமல் போனது. திரும்பி வந்து பாய் பெட்டியில் வயரைச் செருகினேன். இனி ஏமாறுவதில்லை என்று ஒரு ஏற்பாடு சொன்னேன். நான் போய் முதுகைக் காட்டி நிற்பேன். அவள் தன் இஷ்டத்துக்கு இடைவெளி விட்டுத் தட்ட வேண்டும். பத்துக்குள் எத்தனை வேண்டுமானாலும். முடிந்ததும் என் பெயரைச் சொல்லிக் கத்தினால் நான் திரும்புவேன். எத்தனை தட்டினாள் என்று அவள் விரலைக் காட்ட வேண்டும்.

"பேரச் சொல்லியா?" என்று வெட்கப்பட்டாள்.

"விசில் அடி, என்ன வேணா பண்ணு. ஆனா கிடார் கழுத்துலேர்ந்து மட்டும் இடது கைய எடுத்துராத. வார் அந்துபோச்சு, மடியிலேர்ந்து வழுக்குச்சுன்னா கழுத்து ஒடிஞ்சிரும். ஏற்கெனவே ஒட்டுப்போட்ட கழுத்து."

பிளாஸ்டிக் நாற்காலியில் அவளை உட்கார வைத்து, கிடாரை மடியில் கிடத்தி, இடது கையை எடுத்துக் கழுத்தில் வைத்தேன். கைக்குழந்தையைப் பிடிப்பதைப் போல அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

எண்பது தப்படி எண்ணி நடந்தேன். வேலிக்கு அப்பால் பருத்திக் கொல்லை, அதற்கும் அப்பால் ரோடு. அவளுக்கு முதுகைக் காட்டியபடியே நின்றேன்.

ஒன்று. சந்தேகமே இல்லை, நெஞ்சில் வந்து இடித்தது. இரண்டு. மூன்று. நான்கு கொஞ்சம் மெல்லமாக, விரல் வழுக்கியிருக்கும். ஐந்து. எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு வெகு நேரம் ஒன்றும் இல்லை. ரோட்டில் ஒரு லாரி போனது. லோடு லாரி, எடைமேடை அறையில் பத்து வருஷம் உட்கார்ந்த பாதத்துக்கு அது தெரியும். அந்த அதிர்வுக்குள் இன்னொன்றும் இருந்ததா? இருந்தது என்று தோன்றியது. ஆறு. தோன்றியதா, கேட்டதா? காற்று அடங்கியது. கண்ணை மூடினேன். பாதத்தில் ஏதோ ஒன்று வந்து நின்றது, சின்னதாக. லாரி ஏதும் இல்லை. ஏழு. ஏழு என்றுதான் சொல்லப்போகிறேன். அவள் ஐந்தோடு நிறுத்தியிருந்தால் நானும் அவளைப் போலத்தான், ஆசையைக் கேட்டுக்கொண்டு நிற்கிறவன். அப்படியானால் ராஜராஜனிடம் நானே போய்ச் சொல்லிவிட வேண்டும்.

"தமிழழகா!"

கல்யாணமாகி முதல் முறை. குரல் கொல்லை முழுக்கக் கேட்டது. திரும்பினேன்.

ஜெயசுதா வலது கையைத் தூக்கியிருந்தாள். ஐந்து விரலும் விரிந்திருந்தன.

ஐந்து. நான் அப்படியே நின்றேன். அவள் கையை இறக்கவில்லை. நாற்காலியிலிருந்து பாதி எழுந்து, மடியிலிருந்து வழுக்கிய கிடாரை இடுப்போடு அணைத்துக்கொண்டு, மறுபடி உட்கார்ந்தாள். இடது பக்கம் பார்த்தாள். வலது பக்கம் பார்த்தாள். சுற்றிலும் தட்டைக் கட்டைகள். விரித்த ஐந்து விரலையும் எனக்குக் காட்டியபடியே, இடது கையையும் தூக்க, அதில் இருப்பதை எங்கே சாய்த்து வைப்பது என்று அவள் இடம் தேடிக்கொண்டிருந்தாள்.