மாமியாரைப் பிடித்த கதை

எங்கள் தோட்டச் சங்கத்தில் பூனை என்றால் யாருக்குமே ஆகாது. கூட்டம் கூடினால் முதல் புகார் அதுதான். விதைத்த பாத்தியைக் கிளறுகிறது, கீரை மேல் படுத்துப் புரள்கிறது, நாற்றம் குடலைப் பிடுங்குகிறது என்று ஆளாளுக்கு ஒரு பாட்டம் அழுவோம். நானும் அழுதிருக்கிறேன். வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தால், இவள் பூனைக்குக் கட்சி கட்டுகிறாள் என்று பேசிவிடுவார்களே.

ரயில் பாதையை ஒட்டி ஆளுக்கொரு துண்டு நிலம், நடுவில் கம்பி வேலி. அவ்வளவுதான் எங்கள் தோட்டம். நான் தையல்காரி. நாள் முழுக்க அடுத்தவர் பேன்ட்டுக்குக் கால் மடித்து அடித்துவிட்டு, சாயங்காலம் அந்த மண்ணில் போய் உட்கார்ந்தால்தான் எனக்கு மூச்சே வரும். என் துண்டில் சாமான் போட்டுவைக்கிற தகரக் கொட்டகை ஒன்று இருக்கிறது. அதற்கடியில்தான் அந்தச் சாம்பல் பூனை குட்டி போட்டது.

அதற்கு மாமியார் என்று பேர் வைத்தேன். நான் களை பிடுங்கும்போது வந்து உட்காரும். பிடுங்கி முடித்த இடத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்க்கும். பிறகு திருப்தியே இல்லாமல் வாலை ஆட்டிவிட்டுப் போகும்.

"எங்கம்மாவைத்தானே சொல்ற?" என்றார் வீட்டுக்காரர்.

"உங்கம்மா வாயைத் திறந்து சொல்லிடுவாங்க. இது பார்த்தே கொல்லுது" என்றேன். அவர் பேப்பரைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார்.

யாரிடமும் அண்டாத பூனை. தொடப் போனால் சீறும். ஆனால் நான் கவிழ்த்த வாளி மேல் உட்கார்ந்து "வாங்க மாமியாரே" என்றால் எங்கிருந்தாலும் வந்து, என் முழங்காலில் நெற்றியால் ஒரு முட்டு முட்டும். ஒரே முட்டுத்தான். இரண்டாவது கேட்டால் கிடைக்காது. நாள் பூராவும் "ரெடியா, ரெடியா" என்று கேட்டு உயிரை எடுக்கிற ஜனங்களுக்கு நடுவே, என்னிடம் ஒன்றும் கேட்காமல் வந்து முட்டிவிட்டுப் போன ஜீவன் அது ஒன்றுதான். எனக்கு அதை ரொம்பப் பிடித்திருந்தது. வெளியே மூச்சுவிடவில்லை.

குட்டிகள் ஆளுக்கொரு வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தன. தாயை யார் வீட்டுக்குள் அடைப்பது? அது காட்டுப் பிறவி. அப்போதுதான் செயலாளர் கூட்டம் போட்டார். டிரைவிங் ஸ்கூல் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். இன்றைக்கும் பேசும்போதே வலது காலால் தரையை அழுத்தி பிரேக் போடுவார்.

"குட்டிங்க போயிடுச்சு, சரி. தாய் இருக்குல்ல? கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள அடுத்த செட்டு வந்துடும். வர்ற திங்கக்கிழமை பூனை பிடிக்கிற ஆளுங்களை வரச் சொல்லியிருக்கேன். கொண்டு போயிடுவாங்க."

கொண்டுபோனால் என்ன செய்வார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. எல்லோருக்கும் தெரியும். சட்டென்று எழுந்துவிட்டேன்.

"கருத்தடை ஆபரேஷன் பண்ணித் திரும்ப விட்டுட்டா குட்டியே போடாதே? எலிக்கும் ஒரு பயம் இருக்கும்ல?"

"யார் பிடிக்கிறது?"

"நான் பிடிக்கிறேன்."

"திங்கக்கிழமைக்குள்ள?"

"சனிக்கிழமைக்குள்ள. போதுமா?"

செயலாளர் பிரேக்கிலிருந்து காலை எடுத்தார்.

விலங்கு மருத்துவர் ஒரு கம்பிக் கூண்டைக் கொடுத்தார். உள்ளே மணக்க மணக்க மீனை வைத்துவிட்டு, கயிற்றை இழுத்தால் கதவு விழும். "பூனை பசியோட இருக்கணும். இல்லைன்னா தலைகீழா நின்னாலும் உள்ள போகாது. முந்தின நாள்லேர்ந்தே யாரும் எதுவும் வைக்கக் கூடாது" என்றார்.

இதை நான் ஒவ்வொரு துண்டாகப் போய்ச் சொன்னேன். "நானா? அந்தச் சனியனுக்கா?" என்று பேக்கரிக்காரர் சிரித்தார். பல் டாக்டரம்மா, "எனக்குப் பூனைன்னாலே அலர்ஜி" என்று மூக்கைத் துடைத்துக்கொண்டார். செயலாளர் கேள்வியையே அவமானமாக எடுத்துக்கொண்டார். நான் மட்டும் வெட்கத்தோடு வீடு போய், தினமும் ரகசியமாக எடுத்துவரும் மீன் துண்டை நிறுத்தினேன். தோட்டத்தில் மாமியார் காலைச் சுற்றிச் சுற்றி வந்து கத்தியது. மனசைக் கல்லாக்கிக்கொண்டு தக்காளிக்குத் தண்ணீர் ஊற்றினேன்.

வியாழக்கிழமை காலை கூண்டு வைத்தேன். மாமியார் வந்தது. மீனை மோந்து பார்த்தது. விருந்து சாப்பிட்டவர் பந்தியைத் தாண்டிப் போவதுபோல் தாண்டிப் போய், கூண்டின் மேலேயே ஏறிப் படுத்துக்கொண்டது. வெள்ளிக்கிழமையும் அதே கதை. முகத்தைக் கழுவிக்கொண்டு கொட்டாவி வேறு விட்டது. இரண்டு நாளாகப் பட்டினி கிடக்கிற பூனைக்கு இடுப்பில் மடிப்பு விழுமா? எனக்கு அப்போதுதான் உறைத்தது.

அன்று மதியமே கடையைச் சாத்திவிட்டு, தகரக் கொட்டகைக்குள் போய்க் கதவை ஒருக்களித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். வியர்த்துக் கொட்டியது. முதலில் பேக்கரிக்காரர் வந்தார். இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, பன்னைப் பாலில் நனைத்து வேலியோரம் வைத்தார். "ராஜாத்தி, சீக்கிரம் சாப்பிடு" என்றார். அவர் போய்க் கொஞ்ச நேரத்தில் அலர்ஜிக்காரம்மா, வேகவைத்த கோழியை எலும்பெல்லாம் எடுத்துக் கொண்டுவந்தார். "முத்துப்பல்லு, மெதுவா மெல்லணும்" என்று புத்தி வேறு சொன்னார். மாமியார் மறுக்காமல் மென்றது.

கடைசியில் வந்தவர்தான் செயலாளர். கையில் மீன் டப்பா. மண்ணில் குந்தி உட்கார்ந்து, "என் தங்கமே, என் கண்ணுக்குட்டி, கோவமா?" என்று குழைந்தார். இந்தக் குரலில் அவர் பெண்டாட்டியோடு ஒரு நாளாவது பேசியிருந்தால் அந்த அம்மாள் இப்படி ஊர் ஊராக யாத்திரை போயிருக்க மாட்டாள்.

கதவை உதைத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

"வெட்கமா இல்லை?"

அவர் வலது கால் மண்ணில் புதைந்தது. டப்பாவை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். நான் போட்ட சத்தத்தில் மற்ற இருவரும் ஓடிவந்துவிட்டார்கள்.

"நான் ஒருத்தன் ஒரு வாய் வெச்சா என்ன ஆயிடப்போகுதுன்னு நெனச்சேன்" என்றார் பேக்கரிக்காரர்.

"நானும் அப்படித்தான். மத்தவங்கதான் வைக்க மாட்டாங்களே, பாவம்னு..." என்று இழுத்தார் டாக்டரம்மா.

"அப்புறம் எதுக்குய்யா ஆளுங்களைக் கூப்பிட்டீங்க?" என்று செயலாளரைக் கேட்டேன்.

"நீங்க எல்லாரும்தானே கூட்டத்துக்குக் கூட்டம் புகார் சொன்னீங்க? நான் செயலாளர். என்ன பண்ணச் சொல்றீங்க?"

"அப்ப போன் பண்ணி வர வேணாம்னு சொல்லுங்க."

"தீர்மானம் போட்டாச்சு. ஆபரேஷன் ஆகலைன்னா ஒண்ணும் பண்ண முடியாது." கண் கலங்கிப் போய்த்தான் சொன்னார். கலங்கி என்ன பிரயோஜனம்? மறுநாள் காலைதான் கடைசி. ஞாயிறு ஆஸ்பத்திரி கிடையாது. பூனையோ மூன்று பேர் சாப்பாட்டைத் தின்றுவிட்டு ஏப்பம் விடுகிறது.

சனிக்கிழமை விடிந்ததும் போனேன். மீன் வைத்தேன். மாமியார் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் மூன்று பேரும் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். வெயில் ஏற ஏற எனக்குப் படபடப்பு ஏறியது. மீனுக்கு வராது என்று தெரிந்துவிட்டது. வேறு எதற்கு வரும் என்றும் தெரிந்தது. அதை நினைக்கவே கூசியது.

வாளியை எடுத்துக்கொண்டுபோய்க் கூண்டின் பின்பக்கம் கவிழ்த்துப் போட்டேன். முழங்காலைக் கம்பியோடு ஒட்டி வைத்து உட்கார்ந்தேன்.

"வாங்க மாமியாரே" என்றேன்.

எழுந்து வந்தது. திறந்த கதவு வழியாக, மீனைத் தாண்டி, நேராக என்னிடம் வந்தது. கம்பி வழியே என் முழங்காலில் நெற்றியை வைத்தது. கயிற்றை இழுத்தேன்.

கதவு விழுந்த சத்தத்தைவிட அது போட்ட சத்தம் பெரிது. கம்பியில் மோதி மோதி மூக்கில் ரத்தம் வந்துவிட்டது. துணியைப் போட்டு மூடுவதற்குள் என்னை ஒரு பார்வை பார்த்தது. ஆஸ்பத்திரி போகிற வழியெல்லாம் அழுதேன். வீட்டுக்காரர் வண்டியை ஓட்டிக்கொண்டே, "நல்லதுக்குத்தானே செஞ்சே" என்றார். நல்லதுக்குத்தான் என்று பூனைக்கு யார் சொல்வது?

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. பூனை பிடிக்கிறவர்களை வர வேண்டாம் என்று செயலாளரே போன் போட்டுச் சொல்லிவிட்டார். தையல் ஆறியதும் தோட்டத்தில் கொண்டுவந்து கூண்டைத் திறந்தேன். என் துண்டைத் தாண்டி ஒரே ஓட்டமாக ஓடியது. அதற்குப் பிறகு வேலிக்கு இந்தப் பக்கம் கால் வைக்கவில்லை. என் குரல் கேட்டால் புதருக்குள் போய்விடுகிறது.

இப்போது அது செயலாளர் பாத்தியில்தான் குடியிருக்கிறது. அவர் கையால் தின்கிறது. அடுத்த கூட்டத்தில் அவரையே பூனைப் பராமரிப்புக்கும் பொறுப்பாளராகப் போட்டார்கள். எல்லோரும் கை தட்டினோம். "சத்தமா பேசாதீங்க டெய்லரம்மா, பாப்பா பயப்படுது" என்று வேலிக்கு அந்தப் பக்கமிருந்து எனக்கு அறிவுரை. உயிரோடு இருக்கிறது, போகட்டும் என்று மண்ணைக் கொத்துவேன். அப்படியும் சில நாள் பொறுக்காமல், யாரும் இல்லாதபோது கூப்பிட்டுப் பார்ப்பேன். வராது.

போன வாரம் எங்கிருந்தோ ஒரு செம்பட்டைப் பூனை வந்து சேர்ந்தது. நான் பாத்தி கட்டும்போது பக்கத்திலேயே சுருண்டு படுத்துக்கொள்கிறது. வயிறு கொஞ்சம் பெரிதாக இருக்கிறதோ என்று சந்தேகம். செயலாளர் கூண்டைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"சீக்கிரம் முடிச்சுட்டா நல்லது டெய்லரம்மா. உங்களைத்தான் நம்பி வருது."

"ஏன், நீங்க கூப்பிட்டுப் பிடிங்களேன்?"

"ஐயோ, எனக்கு மனசு வராதும்மா" என்றார்.

அவருக்கு மனசு வராதாம்! வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன். திட்டி முடித்துக் கூண்டை வாங்கிக்கொண்டேன். இதற்குப் பேர் வைக்கவே கூடாது என்று நினைத்தபடி வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்து, "வாடி" என்றேன்.

வந்தது.