கீழ் அடுக்கு

...இருநூற்றுப் பதினொன்று, உறுதி, இருநூற்றுப் பன்னிரண்டு, உறுதி, இதற்கு ஒரு மனுஷி எதற்கு, ஒரு குரங்கைப் பிடித்து உட்காரவைத்துப் பொத்தானை அழுத்தப் பழக்கினால் போதாதா, ஆனால் சட்டம் மனிதர் என்றுதான் சொல்கிறது, அரசு வேலைக்கு வரும் விண்ணப்பத்தை இயந்திரம் தன்பாட்டுக்குத் தள்ளிவிடக் கூடாது, அது தள்ளுகிற ஒவ்வொன்றையும் ஓர் அதிகாரி கண்ணால் பார்த்து உறுதிசெய்ய வேண்டும், அந்தச் சட்டம் வந்த அன்று அலுவலகமே கைதட்டியது, அவளும் தட்டினாள், உள்ளங்கை சிவக்கச் சிவக்க... அந்தக் கண் தன்னுடைய கண்ணாக இருக்கும் என்று அப்போது யார் கண்டார்கள். ஒரு நாளைக்கு நானூறு பேர், அதிகாரிகள் இரண்டே பேர், மாலை ஐந்து மணி வரை நேரம். ஐந்துக்குள் முடிவு சொல்லாதவை எல்லாம் தள்ளுபடி உறுதியானவையாகவே கொள்ளப்படும் என்று விதியின் கடைசிப் பத்தியில் பொடி எழுத்தில் போட்டிருந்தது, கைதட்டியவர்கள் யாரும் அவ்வளவு தூரம் படிக்கவில்லை. திரையில் மூன்று பொத்தான்கள், உறுதி, மாற்று, பிறகு. மாற்று என்று அழுத்தினால் காரணம் எழுத வேண்டும், மேலதிகாரி கூப்பிடுவார், என்னம்மா, மிஷினைவிட உங்களுக்கு ஜாஸ்தி தெரியுமோ என்று சிரித்துக்கொண்டே கேட்பார், அந்தச் சிரிப்புக்குப் பயந்தே இந்த மாதம் முழுக்க அவள் அதை மூன்று முறைதான் தொட்டிருக்கிறாள். பக்கத்து மேசைக்காரர் ஒரு முறைகூடத் தொட்டதில்லை. அவருக்கு எக்ஸ்பிரஸ் என்று பெயர், சின்ன ஸ்டேஷனில் எல்லாம் நிற்க மாட்டார்.

இருநூற்றுப் பதிமூன்று, விரல் உறுதிக்கு மேல் போய்விட்டது, நல்ல வேளையாக ஒரு தும்மல் வந்தது, தும்மிவிட்டுப் பார்த்தால் விலாசம் எங்கேயோ பார்த்த விலாசம், எங்கேயோ என்ன, காலையில் கிளம்பி வந்த வீடு. பெயரை மறைத்துவிடுவார்கள், பாரபட்சம் கூடாதாம், விலாசத்தை மறைக்க யாருக்கும் தோன்றவில்லை. பிறந்த தேதி தங்கையுடையது. அடியில் இயந்திரத்தின் தீர்ப்பு, இடைவெளி ஆறு ஆண்டுகள், பொருத்தம் குறைவு. சின்னவள் விண்ணப்பித்தது அக்காவுக்கே தெரியாது, சொன்னால் சிபாரிசு என்று ஆகிவிடும் என்று நினைத்திருப்பாள், அசடு, அடுத்த மாதம் வயது வரம்பு தாண்டிவிடும், இதுதான் கடைசி விண்ணப்பம். ஆறு ஆண்டுகள். அம்மா படுக்கையில் விழுந்தபோது இரண்டு பேரில் ஒருத்தி வீட்டோடு இருந்தாக வேண்டும் என்று ஆனது, யாரும் உட்கார்ந்து பேசக்கூட இல்லை, சின்னவள்தான், அக்கா, உனக்கு கவர்மெண்ட் வேலை, விட்டா திரும்பக் கிடைக்காது, நீ போ, நான் பாத்துக்கறேன் என்றாள், பார்த்துக்கொண்டாள், அம்மாவைப் புரட்டிப் போட்டு, துடைத்து, கஞ்சி ஊட்டி, அம்மா போகும் வரை ஆறு வருஷம். அந்த ஆறு வருஷமும் இவள் இங்கே இதே நாற்காலியில்... அப்படியானால் அது யாருடைய இடைவெளி? நியாயமாகப் பார்த்தால் இவள் பேரில் அல்லவா எழுத வேண்டும்?

இடைவெளி என்றால் தள்ளு என்று இயந்திரத்துக்குச் சொல்லிக்கொடுத்தது யார், யாரோ ஒரு படுபாவி என்று சொல்லிவிட்டால் எவ்வளவு நிம்மதி. ஆனால் இவளுக்கு ஒரு பழக்கம் இருந்தது, காகிதக் காலத்தில், பதினோரு வருஷம், நேரே போகிற விண்ணப்பங்களை அலமாரியின் மேல் அடுக்கில் வைப்பாள், நடுவில் வருஷங்கள் விட்டுப்போனவற்றைக் கீழ் அடுக்கில் வைப்பாள், தள்ளுவதற்கு இல்லை, ஐயோ, தள்ளுவதற்கே இல்லை, இவர்களுக்கு ஏதோ கஷ்டம் இருந்திருக்கும், அவசரமாகப் பார்க்கக் கூடாது, பிறகு நிதானமாகப் படிக்கலாம் என்றுதான். பிறகு வரவே வராது. மேல் அடுக்கிலேயே இடங்கள் நிரம்பிவிடும், கீழ் அடுக்கை நாடா போட்டுக் கட்டிப் பின்னறைக்கு அனுப்பிவிடுவார்கள். இயந்திரத்துக்குப் பழக்கம் கொடுக்க வந்த பெண் பின்னறையிலிருந்து அத்தனையையும் எடுத்தாள், கூட்டத்தில் எல்லோர் எதிரிலும், மேடம் ஃபைல்தான் சூப்பர், மேல இருக்கறது எடுத்தது, கீழ இருக்கறது தள்ளினது, குழப்பமே இல்லை என்று புகழ்ந்தாள். இல்லைம்மா, கீழே இருப்பது அப்படியில்லை என்று நாக்கு நுனி வரை வந்தது. மேலதிகாரி தலையாட்டிக்கொண்டிருந்தார், முதல் தடவையாக, இவளைப் பார்த்து. வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பு இன்றைக்கு வரைக்கும் எத்தனை பேரைத் தின்றிருக்கும், கணக்குப் போடப் பயமாக இருந்தது.

நாலே முக்கால். உறவினர் விண்ணப்பம் என்றால் பக்கத்து அதிகாரியிடம் ஒப்படைக்க வேண்டும் என்று விதி, நேர்மையான விதி, நேர்மையாக ஒப்படைத்தால் எக்ஸ்பிரஸ் இரண்டு விநாடியில் தங்கையைக் கடந்து போய்விடுவார். ஒப்படைக்காமல் இவளே மாற்று என்று அழுத்தினால் அக்கா தங்கைக்குக் கொடுத்த வேலை என்று ஆகும், இரண்டு பேர் பிழைப்பிலும் மண். சார், நடுவுல வருஷம் விட்டுப்போனவங்க கேஸ் வந்தா நீங்க படிச்சுப் பாப்பீங்களா என்று சும்மா கேட்கிற மாதிரி கேட்டாள். அவர் கை நிற்கவில்லை. மிஷின் பாத்துடுச்சேம்மா, நாம பாக்கறோமா இல்லையான்னு அதுக்குத் தெரியவா போகுது என்றார். கெட்டவர் இல்லை, மகள் பள்ளிக்கூடம் விட்டு வாசலில் நிற்பாள், அவருக்கு அந்த அவசரம். விண்ணப்பத்தின் ஓரத்தில் விளக்கம் என்று ஒரு சின்னப் பெட்டி இருந்தது, தொட்டால் திறக்கும், ஆறு வருஷம் என்ன செய்தாய் என்பதற்கு சின்னவள் தன் கையால் எழுதிய பதில், அம்மாவைப் பற்றி இருக்கும், ஒருவேளை அக்காவைப் பற்றியும்... இயந்திரம் அதைப் படிக்காது. படிக்கத்தான் இவளை வைத்திருக்கிறார்கள்.

விரல் தானாகப் போனது. பிறகு என்பதை அழுத்தியிருந்தது. இருநூற்றுப் பதிமூன்று நழுவித் திரையின் அடிப்பக்கம் போய் உட்கார்ந்துகொண்டது, அங்கே ஏற்கெனவே பத்துப் பன்னிரண்டு காத்திருந்தன, எல்லாம் இன்று காலையிலிருந்து இவளே வைத்தவை, நினைவேயில்லை. மணி நாலு ஐம்பத்திரண்டு. எட்டு நிமிஷம் இருக்கிறது, ஒரு பெட்டியைப் படிக்க ஒரு நிமிஷம்கூட ஆகாது, அப்படியானால் அந்தப் பதினோரு வருஷமும் நேரம் இல்லாமலா இருந்தது... படித்துவிட்டால் அவர்களுக்காக எழுந்து பேச வேண்டியிருக்குமே. கைபேசி அதிர்ந்தது, சின்னவள்தான், தினமும் இந்நேரத்துக்குக் கூப்பிடுவாள், கிளம்பிட்டியாக்கா என்றாள். இதோ, இன்னும் கொஞ்சம் இருக்கு, பிறகு பேசறேன் என்றாள்.