பார்க்கிற பக்கம்

...பார்க்க வந்த இவரும் வாசலோடு நின்றுவிட்டார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, கழுத்தை மட்டும் உள்ளே நீட்டி, "அடேங்கப்பா, அப்படியே இருக்குங்க" என்று என்னிடம் சொல்லிவிட்டு, பக்கத்துக் கூடத்தில் மாட்டியிருக்கும் படங்களைப் பார்க்கப் போய்விட்டார். எது அப்படியே இருக்கிறது, உனக்கு என் அக்காவைத் தெரியுமா, சாகும்வரை பதினோரு வருடம் அவள் படுத்துக் கிடந்த அறையைத் தெரியுமா? கண்காட்சி திறந்ததிலிருந்து இதே கதை. உள்ளே வரலாம், தொடலாம், கட்டிலில் படுத்தும் பார்க்கலாம் என்று கதவுப் பக்கத்தில் கொட்டை எழுத்தில் எழுதி வைத்திருக்கிறேன், ஒருத்தராவது காலை எடுத்து உள்ளே வைக்க வேண்டுமே... ம்ஹூம். நிலைப்படியில் கயிறு கட்டியிருக்கிற மாதிரி வந்து நிற்கிறார்கள், போனை நீட்டுகிறார்கள், போகிறார்கள். பிடரியைப் பிடித்து உள்ளே தள்ளலாம் போலிருக்கிறது. கட்டில், அலமாரி, மருந்து பாட்டில்கள், மேசை விசிறி, எல்லாவற்றையும் ஃபைபரில் வார்த்து, அவள் மூச்சு வாங்குகிற சத்தத்தைச் சுவருக்குள் ஒளித்து வைத்து, பத்தொன்பது வருட வேலையை உதறிவிட்டு எட்டு மாதம் நாய் படாத பாடு பட்டது இதற்கா, இவர்கள் எட்டிப் பார்த்துவிட்டுப் போவதற்கா?

வேலையை விட்ட அன்று விளம்பரச் சிலைப் பட்டறை முதலாளி சிரித்தார், அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது. "ரூமுக்குள்ள ஆளை நடக்க விடப் போறியா? நம்ம பொருளெல்லாம் தள்ளி நின்னு பாக்குறதும்மா. ஆறு மாசத்துல திரும்பி வருவ, உன் மேசை அப்படியே கிடக்கும்." நேற்றுகூடக் கூப்பிட்டார், பெரிய வேலை ஒன்று வந்திருக்கிறதாம், திங்கட்கிழமை வந்துவிடு என்றார், வைங்க போனை என்று கத்திவிட்டேன். என்ன பெரிய வேலை? பல் டாக்டர் வாசலுக்குச் சிரிக்கிற கடைவாய்ப்பல்லா, மெத்தைக் கடைக்குக் குறட்டை விடுகிற யானையா? எல்லாம் என் கை, ஒன்றிலாவது என் பெயர் உண்டா? அங்கே ஒரே சட்டம்தான். வேலையைத் தொடங்கும் முன் தரையில் சாக்பீஸால் ஒரு குறி போடுவோம், பார்க்கிறவர் நிற்கப் போகும் இடம் அது, அங்கிருந்து தெரிகிற பக்கத்துக்குத்தான் பட்டி, உப்புத்தாள், பெயிண்ட் எல்லாம், மறுபக்கம் ஃபைபர் நார் முள்ளு முள்ளாக நீட்டிக்கொண்டிருக்கும், "சுவரா வந்து பாக்கப் போவுது?" என்பார். அந்த யானைக்கு முதுகே கிடையாது. முதுகில்லாத பொருள்களைச் செய்து செய்து வெறுத்துப் போய்த்தானே வெளியே வந்தேன்... வந்தேன்தானே?

அப்போதுதான் அம்மா வந்தாள். வரமாட்டேன் என்று சொன்னவள், செத்தவளைக் கடை பரப்புறியாடி என்று இரண்டு மாதம் என்னோடு பேசாமல் இருந்தவள், கைப்பையை இடுக்கிக்கொண்டு வந்தாள், எழுதி வைத்ததைப் படிக்கவும் இல்லை, என்னைப் பார்க்கவும் இல்லை, யாரும் தாண்டாத நிலைப்படியைத் தாண்டி நேராக உள்ளே போனாள், பதினோரு வருடம் போய் வந்த கால்களாயிற்றே. அலமாரியைச் சுற்றிக்கொண்டு கட்டிலின் அந்தப் பக்கம் போனாள். உட்கார்ந்தாள். படுத்தாள். வாசலில் நின்றவர்கள் போனைத் தூக்கினார்கள், எனக்கு உடம்பெல்லாம் கூசியது, படுத்துப் பார்க்கலாம் என்று எழுதி வைத்த நானே, "அம்மா, எழுந்திரு, எல்லாரும் பாக்குறாங்க" என்கிறேன். அவள் எழவில்லை. முழங்கையைத் திருப்பிப் பார்த்தாள், நார் கிழித்து ரத்தம் கசிந்திருந்தது. "ஏண்டி, இங்கேருந்து பாத்தா ஒண்ணுமே செய்யலையே. பாட்டிலெல்லாம் பாதிப் பாதியா இருக்கு, விசிறிக்குப் பின்பக்கமே காணோம்." எனக்கு வந்த கோபத்தில், அந்த ரூம் எப்படி இருந்துச்சுன்னு எனக்குத் தெரியாதா என்று எகிறினேன். "தெரியும்டி, யாரு இல்லைன்னா? வாசல்லேருந்து நல்லாத் தெரியும்." குத்திக் காட்டுகிற குரல்கூட இல்லை, சாதாரணமாகச் சொன்னாள், சொல்லிவிட்டு முழங்கையைக் கழுவக் குழாயைத் தேடிப் போனாள்.

அம்மா படுத்த இடத்தில் போய்ப் படுத்தேன். யார் பார்த்தால் என்ன? மருந்து பாட்டில்கள் ஓட்டாஞ்சில்லு மாதிரி குழிந்து கிடக்கின்றன, அலமாரிக்குப் பின்னால் கட்டையும் போல்ட்டும், என் கைதான், என் பழக்கம்தான், முதலாளி சிரித்தது சரியாகப் போயிற்று, வாசலில் நின்றாலே எல்லாம் முடிந்துவிடுகிறது, பிறகு எவர் உள்ளே வருவார்? நிலைப்படிக்கு இந்தப் பக்கம் தரையில் வெள்ளையாக ஏதோ, சாக்பீஸ் குறி, நான் போட்டதுதான், முதல் நாளே போட்டிருக்கிறேன், போட்டது நினைவுகூட இல்லை. அக்கா இருந்தபோது, பட்டறையிலிருந்து வந்து அவள் அறையிலும் அங்கேதான் நிற்பேன், ஒரு கால் வெளியே, சாப்பிட்டியாக்கா, தூங்கினியாக்கா. துணியில் ஃபைபர் வார்க்கிற ரெசின் நெடி, பக்கத்தில் வந்தால் அவளுக்கு இருமல் வந்துவிடும், அதனால்தான்... குளித்துவிட்டு வந்திருக்கலாமே? வீட்டில் தண்ணீர் இல்லையா? அவளுக்கு இங்கிருந்து என்ன தெரிந்திருக்கும், அலமாரியின் பக்கவாட்டுப் பலகை, பாட்டில்களின் முதுகு, அப்புறம் அந்தக் கதவு, கதவில் நான். அதைச் செய்யவில்லை. பதினோரு வருடம் அவள் பார்த்துக்கொண்டிருந்த ஒரே சிலையைச் செய்யவில்லை. அதை எப்படிச் செய்வது, எந்த முகத்தை வைத்துச் செய்வது? வாசலில் ஒரு பெண் வந்து நிற்கிறாள், குறியின் மேல் சரியாக, ஒரு கால் வெளியே. "உள்ள வாங்க" என்றேன், படுத்துக்கொண்டே பேசியதில் குரல் என்னுடையதாகவே இல்லை. அவள் சிரித்தாள். "பரவாயில்லங்க, இங்கேருந்தே நல்லாத் தெரியுது." அக்கா என்னை உள்ளே கூப்பிட்டிருக்கிறாளா, ஒரு தடவையாவது? கூப்பிட்டிருந்தால், நான் என்ன சொன்னேன்?